கணக்கு எழுதுபவரை வருத்தலாமா?

டாக்டரிடம் மருந்துக்குப் போய், "கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லும் வியாபாரியை நான் கண்டதில்லை. சட்டத்தரணியிடமும் அப்படித்தான். கேட்ட தொகையைக் கடித உறையில் வைத்துக் கொடுத்து, முஸாபஹாவும் செய்துவிட்டு வருவோம். வருமான வரிக் கணக்கு எழுதித் தருபவரிடம் மாத்திரம் நமக்கு வாய் நீண்டு விடுகிறது. "ரெண்டு தாள் எழுதுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்பவர்களில் முன்னால் நிற்பவர் போன வருடத்துக் கூலியையே இன்னும் கொடுக்காதவராக இருப்பார். அது வேறு கதை.

இந்த வாரம் அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொழும்பில் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கும் பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் தங்களைத் தாங்களே பார்த்துக் கொள்ளும். நான் சொல்வது புடைவைக் கடையின் மேல்மாடியில், ஒடுங்கிய படியேறிப் போனால், ஒரு மின்விசிறி, ஒரு கணினி, சுவரோரம் கூரை வரை கோவைகள், உதவிக்கு இரண்டு பிள்ளைகள் என்று கந்தோர் வைத்திருப்பவரை. எந்த ஊர் பஸாரிலும் இப்படி ஒருவர் அல்லது இருவர் இருக்கிறார்கள். எங்கள் பஸாரில் அவரை எல்லோரும் 'டெக்ஸ் சேர்' என்போம். தனி வியாபாரிகளும் சிறு பங்குடமைகளும் அவரிடம்தான் போகிறோம். அவர் இல்லாவிட்டால் நமக்குப் போக வேறு இடமில்லை. பெரிய நிறுவனத்தின் கட்டணம் நமக்குக் கட்டாது. நாமே கணினியில் நிரப்புவோம் என்றால், படிவம் தமிழில் இருந்தாலும் 'மதிப்பிடத்தக்க வருமானம்', 'வரி விதிக்கத்தக்க வருமானம்' என்ற இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நவம்பர் பிறந்தால் அந்த மேல்மாடியைப் போய்ப் பார்க்க வேண்டும். நமது வரி மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதாவது கணக்கை முடித்துக் கொடுக்கச் சட்டம் எட்டு மாதம் தருகிறது. நமது ஆட்கள் ஏழரை மாதம் சும்மா இருந்துவிட்டு, நவம்பர் இருபதுக்குப் பிறகு ஒரு சீனிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். பைக்குள் பில், சிட்டை, வங்கிக் கூற்று, மின்சாரக் கட்டணம், பிள்ளையின் டியூஷன் ரசீது, கலியாண அழைப்பிதழ் எல்லாம் கலந்து கிடக்கும். "எல்லாம் இதுல ஈக்கி சேர். நீங்களே பாத்துப் போட்டுக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, தேநீர் வருவதற்கு முன்பே இறங்கி விடுகிறார்கள். அவர் பையைக் கொட்டிப் பார்த்தால் நான்கு மாதத்து வங்கிக் கூற்று இருக்காது. போன் எடுத்தால் முதலாளி உம்ராவுக்குப் போயிருப்பார்.

இப்படி எண்பது, தொண்ணூறு பை. வேலை எல்லாம் பத்து நாளைக்குள். அந்தப் பத்து நாளில் அவர் தூங்குவதில்லை. கடைசி இரவில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே இணையத்தளத்துக்குள் நுழைய முண்டியடிக்கும்போது எந்தக் கணினிதான் தாங்கும்? பிந்தினால் தண்டம் சின்னதல்ல. செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும் ஒரு கணக்கு. 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் இன்னொரு கணக்கு. இரண்டில் எது கூடவோ அது, 400,000 ரூபா வரை. தண்டக் கடிதம் வந்ததும் நாம் யாரைத் திட்டுகிறோம்? பையை நவம்பர் 28இல் கொண்டுபோன நம்மையா?

சட்டம் மாறும் வேகம் அடுத்த தொல்லை. இதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். வருடத்துக்கு 30 இலட்சம் ரூபா தேறிய லாபம் காணும் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020/21ஆம் ஆண்டில் தனிநபர் நிவாரணம் 30 இலட்சம். ஆகவே அவருக்கு வரி இல்லை. 2024/25இல் நிவாரணம் 12 இலட்சம். மீதி 18 இலட்சத்துக்கு ஐந்து இலட்சம் ஐந்து இலட்சமாக 6, 12, 18, 24 வீதம் என்று ஏறிப்போய் 252,000 ரூபா வரி. 2025 ஏப்ரலிலிருந்து நிவாரணம் 18 இலட்சமானது. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதற்கு மேல் 18 வீதம். அதே லாபத்துக்கு 96,000 ரூபா. லாபம் ஒரு சதமும் மாறவில்லை, வரி மாத்திரம் பூச்சியம், இரண்டரை இலட்சம், ஒரு இலட்சத்துக்குக் கீழே என்று ஓடித் திரிகிறது. இதற்கிடையில் 2022/23ஆம் ஆண்டு ஒன்று வந்தது. டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு ஒரு கணக்கு, ஜனவரியிலிருந்து மூன்று மாதத்துக்கு இன்னொரு கணக்கு. ஒரே வருடத்தை இரண்டாக வெட்டி எழுத வேண்டியிருந்தது. டிசம்பர் 31இல் இருப்பு எடுத்த வியாபாரி யார்? ஒருவருமில்லை. வெட்டிய பாரம் முழுவதும் மேல்மாடிக்காரர் தலையில் விழுந்தது.

பெறுமதி சேர் வரியும் அப்படித்தான். 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆனது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் திரும்பவும் 15, 2024 ஜனவரியில் 18. பதிவு செய்ய வேண்டிய விற்பனவு எல்லையும் ஏறி இறங்கியது. வருடத்துக்கு 12 மில்லியனாக இருந்ததை 300 மில்லியனாக்கினார்கள். பிறகு 2022 ஒக்டோபரில் 80, 2024 ஜனவரியில் 60. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் 36 மில்லியனாக இறக்க முன்மொழிந்தார்கள். 60 மில்லியன் என்றால் பெரிய முதலாளிமாரின் சங்கதி என்று நினைக்காதீர்கள். நாளொன்றுக்கு 165,000 ரூபா விற்பனவு. 36 மில்லியன் என்றால் நாளொன்றுக்கு ஓர் இலட்சம்கூட இல்லை. சீமெந்தும் இரும்புக் கம்பியும் விற்பவருக்கு ஒரு லொறி இறக்கினால் போதும். இந்த எல்லை லாபத்தில் இல்லை, விற்பனவில் இருக்கிறது. இதை நமது ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதிலேயே டெக்ஸ் சேரின் பாதி நாள் போகிறது. "எனக்கு லாபமே இல்லையே, எனக்கு எதுக்கு வற்?" என்பதுதான் கேள்வி.

விளங்கியதும் அடுத்த யோசனை வந்துவிடும். கடையை மனைவியின் பெயரில் பாதி, தம்பியின் பெயரில் பாதி என்று பிரித்து எழுதச் சொல்வார்கள். கடை ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. காகிதத்தில் மாத்திரம் மூன்று வியாபாரம். அவர் மறுத்தால், "அடுத்த பஸார்ல இருக்கிறவர் செஞ்சி தாறாராம்" என்று ஒரு சொல் விழும். இந்த ஒரு சொல்தான் இந்தத் தொழிலில் உள்ள மிகப் பெரிய கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். தூக்கமில்லாத பத்து நாளை எந்த மனிதனும் தாங்குவான். நேர்மையாக எழுதியதற்காக வாடிக்கையாளரை இழப்பதை எத்தனை வருடம் தாங்குவான்?

வங்கிக் கடன் வேண்டும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. வரிக்குப் போன கணக்கில் லாபம் பன்னிரண்டு இலட்சம். வங்கிக்குப் போகும் கணக்கில் நாற்பது இலட்சம் வேண்டும். "கடனுக்குத்தானே சேர், கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்பார்கள். இரண்டு தாளிலும் எழுதியவர் ஒருவரே. நாளைக்கு இரண்டு தாளும் ஒரே மேசையில் சந்தித்தால் முதலாளி "எனக்கொன்றும் தெரியாது, அவர்தான் எழுதினார்" என்று சொல்லி இறங்கி விடுவார். அவர் எங்கே இறங்குவது? இப்போது காணி, வாகனம், வங்கிக் கணக்கு என்று எல்லாத் தகவலும் வரி இலக்கத்தோடு கோக்கப்படும் காலம். 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று வந்தது. அந்த நேரம் எங்கள் ஊரில் முச்சக்கர வண்டிப் பிள்ளைகளும் தையல் தைக்கும் பெண்களும் அந்தப் படியில் வரிசையாக நின்றார்கள். இலக்கம் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்பதல்ல, வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார். பலரிடம் அவர் காசும் வாங்கவில்லை.

நமது சமூகத்துக்கென்று சில விசேட கேள்விகளும் அந்த மேசைக்கு வருகின்றன. "நான்தான் வருஷா வருஷம் ஸகாத் கொடுக்கிறேனே, பிறகென்ன வரி?" என்பது ஒன்று. ஸகாத் அல்லாஹ்வுக்குரிய கடமை. வரி நாட்டுச் சட்டம். ஏழையின் கையில் நேரே கொடுத்த ஸகாத்துக்கு வரிச் சட்டத்தில் கழிவில்லை. ஸகாத் சந்திர வருடத்துக்கு, 354 நாளில் முடியும். வரி மார்ச் 31இல் முடியும். ஸகாத்துக்குச் சரக்கைச் சந்தை விலையில் மதிக்கிறோம், வரிக் கணக்கில் பொதுவாக வாங்கிய விலையில் மதிக்கிறோம். ஆகவே இரண்டு தொகையும் ஒன்றாக இருக்காது. அது நியாயம். ஆனால் ஆலிம்சாவிடம் சொன்ன இருப்புக்கும் டெக்ஸ் சேரிடம் சொன்ன இருப்புக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் என்றால், அது சந்தை விலையால் வந்த வித்தியாசமல்ல.

அடுத்தது வட்டி. "நான் வட்டியே எடுக்கிறதில்லை, ஏன் என் தாளில் வட்டி வருமானம் எழுதினீர்கள்?" என்று ஒரு ஹாஜியார் சத்தம் போட்டதை நான் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். அவருடைய சேமிப்புக் கணக்கில் வங்கி வட்டியை வரவு வைத்திருந்தது. அதிலிருந்து நிறுத்திவைத்தல் வரியும் கழித்திருந்தது. அவர் அதைத் தொடாமல் பொதுத் தேவைக்குக் கொடுத்துவிடுகிறார், நல்ல விஷயம். ஆனாலும் வங்கிக் கூற்றில் இருப்பது தாளில் வரத்தான் வேண்டும். மறைத்தால் கழித்த வரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அந்த நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. எல்லைக்குக் குறைந்த வருமானமுள்ளவர்கள் வங்கிக்கு ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் கழிக்காமல் விடுவார்கள். ஓய்வூதியத்தில் இருக்கும் வாப்பா, உம்மாமாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மார்க்க விளக்கம் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் சூரதுல் பகராவின் 282ஆவது வசனத்தை நாம் எல்லோரும் ஓதுகிறோம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல, தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்று அதில் வருகிறது. அதே வசனத்தில் எழுதுபவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்றும் வருகிறது. முதலாவதைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறேன். இரண்டாவதைப் பற்றி விரிவாகப் பேசியதைக் கேட்ட ஞாபகம் இல்லை. பொய் எழுதச் சொல்லி ஒருவரை நெருக்குவதும், எழுதிய பிறகு கூலியை இழுத்தடிப்பதும் தீங்கில்லாமல் வேறென்ன?

எல்லாப் பிழையும் வியாபாரியிடம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. பில்லையே பார்க்காமல், போன வருடத் தொகையோடு பத்து வீதம் கூட்டிக் குத்துமதிப்பாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கடை எரிந்த வருடத்திலும் லாபம் கூடியிருக்கும்! வரிப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான் கட்டி விடுகிறேன்" என்று சொல்லிக் கட்டாமல் விட்டவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வரிப் பணத்தை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. வங்கியில் நீங்களே கட்டி, கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை அவருக்குக் கொடுங்கள். இது அவரைச் சந்தேகிப்பதல்ல. பிறருடைய பணம் என்ற அமானிதத்தின் பாரத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவது. எங்கள் டெக்ஸ் சேர் இந்த ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பு. மேசையில் காசை வைத்தால் எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வார்.

கடவுச்சொல்லும் அப்படியே. இணைய வழி என்று வந்த பிறகு, எண்பது பேருடைய வரிக் கணக்கின் கடவுச்சொல் ஒரு பழைய கொப்பியில் அவருடைய லாச்சியில் கிடக்கிறது. பலருக்கு மின்னஞ்சல் கிடையாது. அதனால் அவருடைய மின்னஞ்சலையே கொடுத்திருக்கிறார்கள். கடிதம், அறிவித்தல் எல்லாம் அவருக்குத்தான் போகும். நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால், எண்பது வியாபாரிகளுக்குத் தங்கள் பெயரில் என்ன கடிதம் வந்திருக்கிறது என்றே தெரியாது. உங்களுக்கு மின்னஞ்சல் தெரியாவிட்டால் மகனுக்கோ மகளுக்கோ தெரியும். அவர்களுடையதைக் கொடுங்கள். விபரத்திரட்டு அனுப்பியதற்கான ஒப்புகையை ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு கோவையில் வையுங்கள்.

கோவை என்றதும் 2025 நவம்பர் ஞாபகம் வருகிறது. டித்வா சூறாவளி அடித்தது நவம்பர் 28இல். விபரத்திரட்டுக்குக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு. கம்பளைப் பக்கம் கடைகளுக்குள் மகாவலி புகுந்தது. உயிரும் உடைமையும் போன இடத்தில் வரியைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு, நஷ்டத்தைக் காட்டவும் கடன் கேட்கவும் பழைய கணக்கு வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகம் சேற்றில் போன வியாபாரிக்கு மேல்மாடிக் கந்தோரில் இருந்த பிரதிதான் ஒரே ஆதாரம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு டெக்ஸ் சேர் ஐந்து வருடத்துக் கணக்கைத் தேடி எடுத்து, போட்டோப் பிரதி அடித்துக் கொடுத்தார். ஐந்து வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் நம்மிடம்தான் சொல்கிறது, அவரிடமல்ல. அந்தப் பிரதிக்குக் கூலி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கொடுக்க இவருக்கும் தோன்றவில்லை.

கூலி எவ்வளவு? எங்கள் பஸாரில் ஒரு சிறு கடைக்கு வருடத்துக்கு 15,000 ரூபா. மாதத்துக்குப் பிரித்தால் 1,250. கடையில் தேநீருக்கு இதை விடக் கூட போகிறது. இதில்தான் வாடகை, மின்சாரம், இணையம், இரண்டு பிள்ளைகளின் சம்பளம். மேலேயுள்ள உதாரணத்தில் நிவாரணத்தையும் வீதத்தையும் சரியாகப் போடாமல் பழைய வருடத்துக் கணக்கிலேயே கட்டியிருந்தால் அந்தக் கடைக்காரருக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல் அநியாயமாகப் போயிருக்கும். அதைக் காப்பாற்றியவருக்குப் பதினைந்தாயிரம் கொடுக்க ஏன் கை நடுங்குகிறது?

என் யோசனை இதுதான். கூலியை இரண்டாகப் பிரியுங்கள். பாதியை ஏப்ரலில் கொடுங்கள், பாதியைத் தாள் அனுப்பியவுடன் கொடுங்கள். பில்களை மாதா மாதம் ஓர் உறையில் போட்டு அனுப்புங்கள். தவணை வரியை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று கட்டுகிறவர் எப்படியும் வருடத்தில் நான்கு முறை கணக்கைப் பார்க்க வேண்டியவர்தானே. அந்த நான்கு நாளிலும் படியேறினால் நவம்பர் முப்பதில் ஓட வேண்டியதில்லை. மற்றது, பஸாரிலுள்ள வர்த்தக சங்கங்கள் இப்தாருக்கும் கிரிக்கெட்டுக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். உயர்தரத்தில் வர்த்தகம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், அதுவும் பெண் பிள்ளைகள், நமது ஊர்களில் நிறையப் பேர். இரண்டு பேருக்கு ஒரு வருடப் படியைச் சங்கம் கொடுத்து இந்தக் கந்தோர்களில் பயிற்சிக்கு விட்டால், பத்து வருடத்தில் ஊருக்கு இன்னொரு கணக்குக்காரர் கிடைப்பார். இப்போது பயிற்சி பெறும் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் கட்டாருக்கோ டுபாய்க்கோ போய்விடுகிறார்கள். இங்கே கிடைக்கும் சம்பளத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் டெக்ஸ் சேர் அடுத்த மதிப்பீட்டு ஆண்டிலிருந்து முப்பது வாடிக்கையாளர்களைக் குறைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வயது போகிறது, கண் பார்வை குறைகிறது, டாக்டர் இரவு வேலை வேண்டாம் என்கிறார். பட்டியலும் எழுதிவிட்டார். கடைசி வாரத்தில் பை கொண்டு வருபவர்களும் இரண்டு வருடத்துக்கு மேல் கூலி பாக்கி வைத்தவர்களும்தான் அதில். அந்தப் பட்டியலில் உள்ள இரண்டு பேர் போன வாரம் என் கடைக்கு வந்து, "நாநா, நீங்க சொன்னா அவர் கேப்பார். ஒரு சொல் சொல்லுங்களேன்" என்றார்கள். பாக்கியைக் கொடுத்துவிட்டு வாருங்கள், கூடவே வந்து சொல்கிறேன் என்றேன். ஒருவர் மறுநாளே வந்தார். மற்றவரை இன்னும் காணவில்லை.